பனிக்காலத்தில் முகப்பரு: ஏன் வருது? என்ன செய்யணும்?



நம்ம சுவர்ப் பத்திரிகைக்குப் பக்கத்தில் தொங்குகிற கேள்விப் பெட்டியைக் கார்த்திகை மாதக் கடைசியில் திறந்து பார்த்தோம். மொத்தம் பதினாறு சீட்டு இருந்தது. அதில் ஐந்து சீட்டு முகப்பருவைப் பற்றி. யாருமே பெயர் எழுதலை. ஒரு சீட்டில் இப்படி இருந்தது: “பனிக்காலத்துல முகம் காஞ்சு வெள்ளை வெள்ளையா இருக்கு. அதே முகத்துல பருவும் வருது. எண்ணெய் தடவணுமா, தடவக் கூடாதா?”

இது ரொம்ப நல்ல கேள்வி. காய்ந்த முகத்துக்கு எண்ணெய் தடவினால் பரு வருது. பருவுக்காக சோப்பு போட்டுத் தேய்த்தால் முகம் இன்னும் காயுது. அப்போ என்னதான் செய்வது? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். “நீயே படிச்சு எழுதும்மா” என்று சொன்னாங்க. டீச்சர் கொடுத்த புத்தகத்தைப் படித்தும், நம்ம ஊருக்கு வருகிற நர்ஸ் அக்காவிடம் கேட்டும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறேன். பெரிசா இருக்கேன்னு பாதியில் போயிடாதீங்க. மதிய சாப்பாட்டு நேரத்தில் நின்று படிச்சா முடிஞ்சிடும்.

1. முதலில், பரு என்றால் என்ன?

நம் தோலில் முடி முளைக்கிற ஒவ்வொரு சின்னக் குழிக்கும் மயிர்க்கால் என்று பெயர். அந்த மயிர்க்காலோடு ஒட்டி ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். அதற்கு செபேசியஸ் சுரப்பி என்று பெயர். அதில் சுரக்கிற எண்ணெய்க்குச் சீபம் என்று பெயர். இந்த எண்ணெய் தோல் மேலே வந்து பரவி தோலை மிருதுவாக வைக்கும். அதனால் எண்ணெய் நமக்கு எதிரி கிடையாது. அது இல்லாவிட்டால் தோல் வெடித்துவிடும்.

நமக்குப் பத்துப் பன்னிரண்டு வயது ஆகும்போது உடம்பில் ஆண்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் கூடுகிறது. இது பையன்களுக்கும் வரும், பெண்களுக்கும் வரும். பையன்களுக்குக் கொஞ்சம் அதிகம். இந்த ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியைப் பெரிதாக்கும், எண்ணெய் அதிகமாகச் சுரக்கும். அதே சமயம் மயிர்க்காலின் உள் சுவரில் உதிர்கிற செத்த செல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைத்துவிடும். சாக்கடை அடைத்துக்கொண்டால் பின்னால் தண்ணீர் தேங்கும் இல்லையா? அதுபோல எண்ணெய் உள்ளேயே தேங்கிவிடும்.

அடைப்பின் வாய் மூடியிருந்தால் சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வாய் திறந்திருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். கரும்புள்ளி அழுக்கு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது அழுக்கு இல்லை. உள்ளே இருக்கிற எண்ணெயும் மெலனின் நிறமியும் காற்றுப் பட்டுக் கறுத்துப் போனது. அதனால்தான் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போவதில்லை.

எல்லோர் தோலிலும் எப்போதும் வாழ்கிற ஒரு பாக்டீரியா இருக்கிறது. அதன் பெயர் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ். 2016-க்கு முன்னால் அதைப் புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னஸ் என்று சொல்லி வந்தார்கள். பழைய புத்தகங்களில் அந்தப் பெயர்தான் இருக்கும். தேங்கிய எண்ணெயில் இது பெருகும். உடனே நம் உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும். அந்த இடம் சிவந்து, வீங்கி, வலிக்கும், சீழும் பிடிக்கும். அதுதான் பரு.

உங்களுக்குத் தெரியுமா? உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் யாருக்கும் பரு வராது. ஏன் என்றால் அங்கே எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. முகம், நெஞ்சு, முதுகு இந்த மூன்று இடத்திலும் சுரப்பிகள் அதிகம். பருவும் அங்கேதான் வருது.

2. பனி பெய்யும்போது தோல் ஏன் காயுது?

மார்கழி வந்தால் நம்ம ஓசூர், தளி பக்கம் காலையில் எதிரே வருகிற பஸ்கூடத் தெரியாது. புல் எல்லாம் நனைந்து கிடக்கும். அவ்வளவு ஈரம் இருக்கும்போது தோல் மட்டும் ஏன் வறண்டு போகுது? எனக்கும் இது புரியாமல் இருந்தது. டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினாங்க.

சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று கொஞ்சமாகத்தான் தாங்கும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவி தாங்கும். 15 டிகிரியில் சுமார் 13 கிராம்தான். அதற்கு மேல் இருக்கிற நீராவிதான் பனித்துளியாக வெளியே விழுகிறது. அதாவது பனி பெய்கிற காற்றில் உண்மையில் தண்ணீர் குறைவு. அந்தக் காற்று நம் முகத்தில் பட்டுச் சூடாகும்போது அதற்குத் தாகம் எடுக்கும். தோலில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் வெயில் வந்து 28 டிகிரி ஆனால், அதே 13 கிராம் நீராவி அந்தக் காற்று தாங்கக்கூடியதில் பாதிகூட இருக்காது. வெளியில் காயப்போட்ட துணி சீக்கிரம் உலர்வதும் இதனால்தான். துணிக்கு நல்லது, முகத்துக்குக் கஷ்டம்.

நம் தோலின் மேல் அடுக்கு ஒரு சுவர் மாதிரி. செத்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவில் இருக்கிற கொழுப்பு சாந்து. சாந்து நன்றாக இருந்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது. பனிக்காலத்தில் இந்தச் சாந்து பலவீனமாகிவிடும். அப்போதுதான் தோல் வெள்ளையாக உரியும், நகத்தால் கீறினால் கோடு விழும்.

3. காய்ந்த தோலில் பரு எப்படி வருது?

பனிக்காலத்தில் நாம் செய்கிற சில காரியங்கள் பருவைக் கூட்டிவிடுகின்றன.

அ) தேங்காய் எண்ணெய். முகம் காயுதே என்று அம்மாவோ ஆயாவோ உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி முகம் பூராவும் தடவி விடுவாங்க. பாசத்தோடதான் செய்றாங்க. கை காலுக்கு அது நல்ல மருந்து. உதட்டுக்கும் சரி. ஆனால் பரு வருகிற முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துவராது. அது மயிர்க்காலின் வாயை அடைக்கிற வகை எண்ணெய். உள்ளே ஏற்கெனவே எண்ணெய் தேங்கி இருக்கு, வெளியேயும் பூசினால் என்ன ஆகும்?

ஆ) தலை எண்ணெய். தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைத்து ஜடை போட்டு வந்தால், அது நெற்றியிலும் காது ஓரத்திலும் இறங்கும். நெற்றியில் மட்டும் பொடிப் பொடியாகப் பரு வருகிறவர்கள் இதைக் கவனித்துப் பாருங்கள். எண்ணெய் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லலை. தலைமுடியில் வையுங்க, நெற்றி ஓரத்தில் துடைச்சு விடுங்க.

இ) கொதிக்கக் கொதிக்க வெந்நீர். குளிருக்கு அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பாத்திரத்தில் ஒட்டின எண்ணெயை வெந்நீர் எப்படி எடுக்குதோ அப்படியே முகத்தின் சாந்தையும் எடுத்துவிடும்.

ஈ) மங்கி குல்லா, மப்ளர், சால்வை. பனிக்கு இது தேவைதான். ஆனால் ஒரே குல்லாவை மார்கழி முழுக்கத் துவைக்காமல் போட்டால், வேர்வையும் எண்ணெயும் சேர்ந்த துணி கன்னத்திலும் தாடையிலும் நாள் பூரா உரசும். உரசுகிற இடத்தில் பரு வரும்.

4. லிட்மஸ் தாள் காட்டிய உண்மை

ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் லிட்மஸ் தாள் வைத்து ஒரு சின்ன சோதனை செய்தோம். குளிக்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்துச் சிவப்பு லிட்மஸை நனைத்தோம். நீலமாக மாறியது. அதாவது சோப்பு காரம். எலுமிச்சைச் சாற்றில் நீல லிட்மஸை நனைத்தோம். சிவப்பாக மாறியது. அதாவது அமிலம்.

நம் முகத் தோலின் பி.எச். அளவு சுமார் 5. லேசான அமிலத் தன்மை. அந்த லேசான அமிலம்தான் கிருமிகளிடமிருந்து ஒரு காவல். சாதாரண சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். பி.எச். அளவில் ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும். அப்படியென்றால் 5-லிருந்து 2-க்கு வந்தால் ஆயிரம் மடங்கு! பருவின் மேல் எலுமிச்சை தேய்த்தால் ஏன் அப்படி எரியுது என்று இப்போ புரியுதா? எலுமிச்சை தேய்த்துவிட்டு வெயிலில் போனால் அந்த இடம் கறுத்து, கொப்பளம்கூட வரலாம். எலுமிச்சை சாதத்துக்கு நல்லது. முகத்துக்கு வேண்டாம்.

5. பனிக்காலத்தில் தினமும் செய்ய வேண்டியவை

சீட்டில் கேட்டவருக்கு நேரான பதில் இதுதான்: முகத்துக்குத் தேவைப்படுவது ஈரம். அந்த ஈரத்தைத் துவாரம் அடைக்காத பொருளைக் கொண்டு காப்பாற்ற வேண்டும்.

முதலாவது, ஒரு நாளைக்கு இரண்டு தடவை முகம் கழுவினால் போதும். காலையில் ஒன்று, படுக்கிறதுக்கு முன்னால் ஒன்று. விளையாடி வேர்த்தால் இன்னொரு தடவை. அஞ்சாறு தடவை சோப்பு போட்டால் பரு போகாது, தோல்தான் போகும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

இரண்டாவது, மிதமான சோப்பைப் பயன்படுத்துங்கள். துணி சோப்பு கண்டிப்பாகக் கூடாது. கடலை மாவு, பயத்த மாவு போடுகிறவர்கள் நன்றாகச் சலித்து, மெதுவாகப் பூசிக் கழுவிவிடுங்கள். பீர்க்கங்காய் நார், கல், கொரகொரப்பான மாவு இதெல்லாம் வைத்து முகத்தைத் தேய்க்க வேண்டாம். பரு உடைந்து தழும்பு விழும்.

மூன்றாவது, துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். முடிந்தால் முகத்துக்கு என்று தனியாக ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே ஈரம் காக்கிற கிரீம் கொஞ்சம் பூசுங்கள். மருந்துக் கடையில் மாய்ஸ்சரைசர் என்று கேட்டால் கொடுப்பார்கள். அட்டையில் “நான்-காமிடோஜெனிக்” என்று போட்டிருக்கிறதா பாருங்கள். துவாரத்தை அடைக்காத வகை என்று அர்த்தம். அது விலை அதிகம் என்றால் சின்ன கிளிசரின் பாட்டில் வாங்கலாம். கிளிசரின் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைக்கும். அதை அப்படியே பூசாதீர்கள், பிசுபிசுவென்று ஒட்டும், சிலருக்கு எரியும். ஒரு பங்கு கிளிசரினுக்கு நான்கு பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் கலந்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் அன்றைக்கே கலக்குங்கள். கலந்து வைத்தால் கெட்டுப் போகும். முதல் தடவை காதுக்குக் கீழே கொஞ்சம் தடவிப் பார்த்து, அரிக்கவில்லை என்றால் மறுநாள் முகத்துக்குப் பூசலாம்.

ஐந்தாவது, குல்லா, மப்ளர், தலையணை உறை மூன்றையும் வாரம் ஒரு தடவை துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும்.

ஆறாவது, பனிக்கால வெயில் சுடாது, ஆனால் கறுக்க வைக்கும். பரு ஆறின இடத்தில் வெயில் பட்டால் கறுப்புத் தடம் போக இன்னும் பல மாதம் ஆகும். மதியம் நடந்து போகும்போது குடையோ, துப்பட்டாவோ, தொப்பியோ போட்டுக்கொள்ளலாம்.

ஏழாவது, கையை முகத்தில் வைக்காதீர்கள். பாடம் கேட்கும்போது கன்னத்தில் கை வைத்துப் பருவைத் தடவிக்கொண்டே இருக்கிறவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்! கிள்ளினால் சீழ் வெளியே வருவதைவிட உள்ளேதான் அதிகம் போகும். முக்கியமாக மூக்கைச் சுற்றியும் மேல் உதட்டுக்கு மேலேயும் இருக்கிற பருவைக் கிள்ளவே கூடாது. அங்கே இருக்கிற ரத்தக் குழாய்களுக்கு மூளைப் பக்கம் போகிற ரத்தக் குழாயோடு தொடர்பு இருக்கிறது. கிருமி அந்த வழியாகப் போவது ரொம்ப அபூர்வம், ஆனால் போனால் ஆபத்து.

6. ஊரில் சொல்வது உண்மையா?

கேள்வி: காலையில் எழுந்ததும் எச்சில் வைத்தால் பரு போகுமா?
பதில்: போகாது. எச்சிலில் கிருமிகள் உண்டு. உடைந்த பருவில் வைத்தால் புண்ணாகலாம்.

கேள்வி: டூத்பேஸ்ட் வைத்தால்?
பதில்: அது பல்லுக்குச் செய்தது. பருவைக் காய வைக்கிற மாதிரி தெரியும், சுற்றி இருக்கிற தோல் சிவந்து உரியும். பனிக்காலத்தில் இன்னும் மோசம்.

கேள்வி: மஞ்சள் பூசலாமா?
பதில்: குளிக்கும்போது லேசாகப் பூசிக் கழுவுவதில் தப்பில்லை. ஆனால் பரு மேல் அப்பிக் காய விட்டால் தோல் இழுக்கும், சிலருக்கு அரிப்பு வரும். கடையில் வாங்குகிற தூளில் கலப்படம் இருக்கலாம், கிழங்கு வாங்கி இழைப்பது நல்லது. மஞ்சள் மட்டும் பூசிப் பரு குணமாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: பஜ்ஜி, போண்டா சாப்பிட்டால் அந்த எண்ணெய் முகத்தில் பருவாக வருமா?
பதில்: வாயில் போகிற எண்ணெய் நேராக முகத்துக்கு வராது. ஆனால் சர்க்கரை அதிகமாக இருக்கிற மிட்டாய், கூல்டிரிங்ஸ், மைதா பண்டங்கள் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அது சிலருக்குப் பருவைக் கூட்டுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அதற்காகச் சத்துணவு முட்டையையும் சாப்பாட்டையும் ஒதுக்காதீர்கள். நாம் வளர்கிற வயதில் இருக்கோம். ராகிக் களி, கீரை, பயறு, கொய்யா இவை எல்லாம் நல்லது.

கேள்வி: சுத்தமாக இல்லாதவர்களுக்குத்தான் பரு வருமா?
பதில்: இல்லவே இல்லை. பரு அழுக்கால் வருவது கிடையாது, ஒட்டுவாரொட்டியும் கிடையாது. 12 வயதிலிருந்து 24 வயதுக்குள் இருப்பவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் கொஞ்சமாவது பரு வந்தே தீரும். டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கும் வருது.

கேள்வி: சின்னப் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் வெள்ளை வெள்ளையாக வருதே, அதுவும் பருவா? வயிற்றில் பூச்சியா?
பதில்: அது பரு இல்லை. பனிக்காலத்தில் தோல் காய்ந்து இப்படி வெளிறித் தெரிவது சின்ன வயதில் சகஜம். ஈரம் காக்கிற கிரீம் பூசி வந்தால் மெல்ல மெல்லச் சரியாகும். தொட்டால் உணர்ச்சியே தெரியாத தேமல் என்றால் மட்டும் உடனே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

7. வெளுக்க வைக்கும் கிரீம்: இதை மட்டும் கண்டிப்பாகப் படிங்க

எங்க பெரியம்மா மகள் அக்கா ஒருத்தங்க இருக்காங்க. தை மாதம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்க்க வர்றதா இருந்தது. முகத்தில் பரு இருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் கவலை. பக்கத்து வீட்டில் ஒருத்தங்க ஒரு கிரீம் பெயரைச் சொன்னாங்க. டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கொடுத்தாங்க. பத்து நாளில் பரு அமுங்கிப் போச்சு. முகம் வெளுத்து பளபளன்னு ஆச்சு. எல்லோரும் நல்ல கிரீம் என்று சொன்னாங்க. நாலு மாசம் விடாமல் பூசினாங்க.

அப்புறம் ஒரு நாள் கிரீம் தீர்ந்து போச்சு. மூணு நாளில் முகம் தீப்பட்ட மாதிரி சிவந்து எரிய ஆரம்பிச்சது. முன்பைவிடப் பெரிய பரு. மீசை இடத்தில் பூனை முடி. வெயிலில் நிற்க முடியலை. அடுப்புப் பக்கம் போக முடியலை. திரும்பக் கிரீம் பூசினால் அடங்கும், நிறுத்தினால் எரியும். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்த்தாங்க. “இது ஸ்டீராய்டு கலந்த மருந்தும்மா, முகத்துக்கு இவ்வளவு நாள் போடவே கூடாது” என்று டாக்டர் சொன்னாராம். சரியாக ஒரு வருஷம் போல ஆச்சு. அக்காவிடம் கேட்டு, அவங்க எழுதச் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். “என் பேரு மட்டும் போடாதே, மத்ததெல்லாம் எழுது” என்று சொன்னாங்க.

ஸ்டீராய்டு களிம்பு கெட்ட மருந்து கிடையாது. கரப்பான் போன்ற சில தோல் நோய்களுக்கு டாக்டர் கணக்குப் பார்த்துச் சில நாள் கொடுப்பார். ஆனால் அதை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து போகும், ரத்தக் குழாய் வெளியே தெரியும், பரு இன்னும் கூடும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. அப்படி இருந்தும் ஊர்ப் பக்கம் கேட்டால் கிடைத்துவிடுகிறது.

அதனால் டியூபை வாங்கினால் பின்னால் இருக்கிற சின்ன எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. இங்கிலீஷில்தான் இருக்கும், தெரியாவிட்டால் டீச்சரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே பல நாள் பூசிக்கொண்டு இருப்பவர்கள் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிக் கேட்டு, அவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும். ஒரு வாரத்தில் பரு போய் வெளுக்கும் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

8. டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

பரு கோலிக்குண்டு மாதிரி உள்ளே கட்டியாகி வலித்தால் போக வேண்டும். குழி குழியாகத் தழும்பு விழ ஆரம்பித்தால் போக வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வராமல், தாடையில் பருவும் முடியும் சேர்ந்து வந்தால் போக வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகக் கவனித்தும் குறையவில்லை என்றால் போக வேண்டும். பருவை நினைத்தே அழுகை வருது, வெளியே போகப் பிடிக்கலை என்றாலும் போகலாம். அதுவும் ஒரு காரணம்தான் என்று நர்ஸ் அக்கா சொன்னாங்க.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் போனால் போதும். தேவை என்றால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். போக முடியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

டாக்டர்கள் பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற மருந்துகளை எழுதுவார்கள். இவை நல்ல மருந்துகள், ஆனால் தோலைக் காய வைக்கும். பனிக்காலத்தில் இன்னும் காயும். எரிந்தால் டியூபைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் சொன்னால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்வார், ஈரம் காக்கிற கிரீமும் எழுதித் தருவார். பென்சாயில் பெராக்சைடு துணியில் பட்டால் சாயம் போய்விடும். அதனால் யூனிபார்மில் படாமல் பாருங்கள். எந்த மருந்தானாலும் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மார்கழியில் ஆரம்பித்தால் மாசியில்தான் தெரியும். நாலு நாளில் போகலையே என்று விட்டுவிடக் கூடாது. அக்காவுக்கு எழுதிக் கொடுத்ததைத் தங்கை போடவும் கூடாது.

9. கடைசியாக ஒரு வேண்டுகோள்

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்று பழமொழி சொல்வாங்க. முகத்தில் பரு இருந்தால் அகத்தில் அழகு இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. ஆனால் நம் பள்ளியில் பரு இருக்கிறவர்களுக்குப் பட்டப் பெயர் வைக்கிறார்கள். பலாக்காய் என்கிறார்கள், தோசைக்கல் என்கிறார்கள். யாரையோ லவ் பண்றியா என்றும் கேட்கிறார்கள். பரு வருவதற்குக் காரணம் ஹார்மோன், மேலே எழுதிவிட்டேன். கேள்விப் பெட்டியில் வந்த இன்னொரு சீட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: “பரு போற வரைக்கும் லீவு போடலாமா?”

பெட்டியில் அதைப் போட்டது யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டோம். அவருக்கு என் பதில் இது. லீவு போடாதீங்க. பரு போக மூணு மாசம் ஆகும், பரீட்சை அதுக்கு முன்னாடியே வந்துடும். வகுப்பில் உங்க முகத்தைப் பார்க்கிறவங்களைவிட, உங்க நோட்டைப் பார்த்து எழுத இடம் தேடுறவங்கதான் அதிகம். யாராவது கேலி செய்தால் வகுப்பு டீச்சரிடம் சொல்லுங்க. சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்க, நாங்க சேர்த்துடறோம்.

கேலி செய்கிற அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்களுக்கும் வரும். வந்தபிறகு இந்தத் தாளைத் தேடி வந்து படிப்பீங்க.

மறக்காமல் இருக்கச் சுருக்கம்:

இரண்டு தடவை கழுவு, வெதுவெதுப்பான நீரில்.
துவாரம் அடைக்காத ஈரம் பூசு, தேங்காய் எண்ணெய் முகத்துக்கு வேண்டாம்.
கிள்ளாதே, தேய்க்காதே, எலுமிச்சையும் பேஸ்ட்டும் வைக்காதே.
குல்லாவும் தலையணை உறையும் வாரம் ஒரு தடவை துவை.
டாக்டர் சீட்டு இல்லாத கிரீமைத் தொடாதே.
பொறுமையாக இரு. கேலி செய்யாதே.

அடுத்த மாதம் தலையில் வருகிற பொடுகு பற்றி எட்டாம் வகுப்புத் தங்கை எழுதப் போகிறாள். சந்தேகம் இருப்பவர்கள் சீட்டு எழுதிப் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி